பாரிஸில் ஸ்டேஷன் மாற 70 நிமிஷம் போதுமா? மிலான், வெனிஸ் மலிவு ரயில் பயணம்: உதவி தேவை

கார்ல்ஸ்ரூவாசி:
வணக்கம் நண்பர்களே. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். செப்டம்பரில் நானும் ரூம்மேட்டும் பாரிஸ், மிலான், வெனிஸ், மியூனிக் என்று ஒரு சுற்று போய் வரலாம்னு இருக்கோம். ரயிலுக்கு மட்டும் ஆளுக்கு 200 யூரோவைத் தாண்டக் கூடாது. ராத்திரி பஸ் வேண்டாம், ரூம்மேட்டின் முதுகு தாங்காது.

பாரிஸ் வரை டிக்கெட் எடுத்தாச்சு. கார் து லெஸ்த் ஸ்டேஷனில் இறங்கணும். அதற்கு 70 நிமிஷம் கழித்து கார் து லியோனிலிருந்து மிலானுக்கு ஒரு ரயில், செம மலிவு. ஆனால் வேற கம்பெனி, வேற டிக்கெட். இன்னும் பணம் கட்டலை. 70 நிமிஷம் போதுமா? முதல் ரயில் லேட்டானால் இரண்டாவது டிக்கெட் என்ன ஆகும்? பேசாம பல நாட்டு ரயில்களிலும் செல்லுகிற இன்டர்ரெயில் பாஸே எடுத்திடலாமா?

தண்டவாளம்:
பணம் கட்டாதீங்க.

ரயில் நேரத்துக்கு வந்தால் 70 நிமிஷம் தாராளம். வருமா என்பதுதான் கேள்வி. 2024இல் ஜெர்மன் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்திருக்கு. அதிலும் 6 நிமிஷத்துக்குள் லேட் என்றால் அதை லேட்டாகவே சேர்க்க மாட்டாங்க.

2023 ஜூன் முதல் அமலில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் இணைப்பு ரயில் தவறினாலும் ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரயில்வேயின் பொறுப்பு. உங்களுடையது தனித்தனி டிக்கெட், தனித்தனி ஒப்பந்தம். முதல் கம்பெனி தன் டிக்கெட்டுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்: 60 நிமிஷம் லேட்டானால் விலையில் 25 சதவீதம், 120 ஆனால் 50. 40 யூரோ டிக்கெட்டுக்கு 10 யூரோ கைக்கு வரும். மிலானுக்கு அன்றைக்கே புது டிக்கெட் எடுக்க அது எந்த மூலைக்கு?

தனி டிக்கெட் எடுப்பது தப்பில்லை, நானும் அப்படித்தான் எடுக்கிறேன். இரண்டையும் எங்கே ஒட்டுறோம் என்பதில்தான் இருக்கு சூட்சுமம். ஒட்டு ராத்திரித் தங்கலில் விழணும். இல்லாட்டி மணிக்கொரு தடவை ஓடுகிற, சீட் பதியத் தேவையில்லாத லோக்கல் ரயிலில் விழணும். பாரிஸில் ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் காலை ரயிலுக்குப் பாருங்க.

பாஸ் பற்றி: நீங்க ஜெர்மனியில் வசிப்பதால், ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான யூரெயில் பாஸ் இல்லை, இன்டர்ரெயில்தான். வசிக்கும் நாட்டுக்குள் வெளியேற ஒரு பயணம், திரும்ப ஒரு பயணம் மட்டும். பிரான்ஸ் அதிவேக ரயிலான டிஜிவியில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடமே கொஞ்சம், ரிசர்வேஷனுக்குத் தனிக் காசு. இத்தாலி அதிவேக ரயிலிலும் அதே கதை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ் என்று சுற்றினால் பாஸ் லாபம், உங்க ரூட்டுக்கு இல்லை.

வியன்னா ஜங்ஷன்:
மேலே சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். தனி டிக்கெட் என்றால் உடனே கைவிட்டுடணும் என்றில்லை. சில தேசிய ரயில்வேக்களுக்குள் ஏஜேசி என்று ஒரு உடன்பாடு இருக்கு. மாறுவதற்குப் போதிய நேரம் விட்டிருந்து, முந்தைய ரயில் லேட் என்று நடத்துநரிடமோ கவுன்டரிலோ எழுத்தில் வாங்கிக் காட்டினால், அதே கம்பெனியின் அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவாங்க. இடம் இருந்தால்தான். எல்லாக் கம்பெனியும் இதில் இல்லை, மலிவு பிராண்டுகளிடம் எதிர்பார்க்கவே வேண்டாம்.

தண்டவாளம்:
சரிதான். ஆனால் அது உரிமை இல்லை, சலுகை. அதை நம்பி டிக்கெட் எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரலை.

லாச்சப்பல் அக்கா:
தம்பி, நான் பரிசில இருக்கிறன். இரவு தங்கினாலும் ஸ்டேசன் மாறத்தானே வேணும், அதைச் சொல்லுறன். கார் து லெஸ்தில 5ஆம் நம்பர் மெத்ரோ எடுத்து பஸ்தீலில 1ஆம் நம்பருக்கு மாறினா அடுத்த தரிப்பே கார் து லியோன். ஆனா மாறுற இடத்தில படிகள் கனக்க, பெட்டியோட கஷ்டம். மற்ற வழி, பக்கத்து ஸ்டேசன் கார் து நோருக்குப் பத்து நிமிசம் நடந்துபோய் ஆர்இஆர் டி எண்ட புறநகர் ரயில் எடுக்கிறது. ஷாத்லே, அதுக்கடுத்தது கார் து லியோன். ரூ தல்சாஸ் பக்கத்தால நடக்காதேங்கோ, அங்க பெரிய படிக்கட்டு. ஃபோபூர் சென் தெனி ரோட்டால போனா படியே இல்லை. ஆர்இஆர் டிக்கெட்டை எறிஞ்சுபோடாதேங்கோ, வெளிய வரவும் அது வேணும்.

கார் து லியோனில 1ஆவது மண்டபத்தில மேடைகளுக்கு எழுத்து, 2ஆவதில இலக்கம். ரெண்டுக்கும் இடையில நல்ல நடை. எந்த மேடை எண்டது வெளிக்கிட 20 நிமிசம் இருக்கேக்கதான் திரையில வரும், 2 நிமிசம் இருக்கேக்க கேற்றைப் பூட்டிப்போடுவினம். ரயில் கண்ணுக்கு முன்னால நிக்கும், ஏற விடமாட்டினம்.

அந்த ஃபோபூர் சென் தெனி ரோட்டால மேல போனா எங்கட தமிழ்க் கடைத்தெரு லாச்சப்பல்தான். ஸ்டேசன் சான்விச் வாங்கிற காசுக்கு அங்க கொத்துரொட்டி சாப்பிடலாம்.

கார்ல்ஸ்ரூவாசி:
ரொம்ப நன்றி அக்கா, தண்டவாளம் அண்ணா. மறுநாள் காலை ரயிலுக்கே மிலான் டிக்கெட் போட்டாச்சு, கொஞ்சம்தான் கூட. ஹாஸ்டல் செலவு தனி, ஆனால் ஒரு சாயங்காலம் பாரிஸ் கிடைக்குதே. வெனிஸ் டு மியூனிக் என்ன பண்ணலாம்? நேரடி ரயிலில் மலிவு சீட் தீர்ந்துடுச்சு. ஜெர்மனி முழுக்க லோக்கல் ரயில்களில் செல்லுகிற டாய்ச்லாண்ட் டிக்கெட் இரண்டு பேரிடமும் இருக்கு.

வியன்னா ஜங்ஷன்:
அது இருந்தால் பாதி வேலை முடிஞ்சது. ஆஸ்திரியாவுக்குள் எல்லை ஊரான கூஃப்ஷ்டைன் வரை செல்லும். அதனால் கூஃப்ஷ்டைனிலிருந்து மியூனிக் வரை தனிக் காசு இல்லை. வெனிஸிலிருந்து வெரோனா, வெரோனாவிலிருந்து ப்ரென்னர் கணவாய் வரை இத்தாலிய ரீஜனல் ரயில். நிலையான விலை, அன்றைக்கே எடுத்தாலும் விலை ஏறாது, சீட் தீருவதும் இல்லை. ப்ரென்னரில் மாறி இன்ஸ்ப்ருக் வழியாக கூஃப்ஷ்டைன் வரை ஆஸ்திரிய லோக்கல். தண்டவாளம் சொன்ன ஒட்டு இங்கே எல்லாமே பத்திரமான இடத்தில் விழுது, ஒன்று போனால் அடுத்ததில் ஏறலாம். ஆனால் முழு நாளையும் தின்னும், விடியும்போதே கிளம்புங்க. ப்ரென்னர் 1,371 மீட்டர் உயரம், பிளாட்ஃபாரத்தில் காற்று அடிக்கும், ஜாக்கெட்டைப் பெட்டிக்கு அடியில் போடாதீங்க.

பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு இரண்டும் கையில் இருக்கணும். ஷெங்கன்தானே, எல்லைச் சோதனை இருக்காதே என்று ரூமில் வைத்துவிட்டு வராதீங்க. ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் வரும் ரயில்களில் 2015 முதல் போலீஸ் சோதனை நடக்குது.

மிலானோ மணி:
இத்தாலி ரீஜனல் டிக்கெட்டில் ஒரு கண்ணி இருக்கு, யாரும் சொல்லலை. காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் ஸ்டேஷனில் இருக்கும் சின்ன மெஷினில் நுழைத்து முத்திரை குத்தணும். மொபைல் டிக்கெட்டுக்கும் 2025 செப்டம்பர் வரை ஏறும் முன் செக்-இன் பட்டனை அழுத்த வேண்டியிருந்தது, இப்போ அது தானாகவே ஆயிடும். காசு கட்டியிருந்தும் முத்திரை குத்தாமல் அபராதம் கட்டுபவர்கள் ஏராளம். அதிவேக ரயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், வெனிஸ் தீவுக்குள் இருப்பது சாந்தா லுச்சியா ஸ்டேஷன். மெஸ்த்ரே அதற்கு முந்தையது, கரையில் இருக்கு. ரூம் வாடகை அங்கேதான் குறைவு, ரயிலில் பத்து நிமிஷம்.

கார்ல்ஸ்ரூவாசி:
மெஸ்த்ரேயில்தான் ரூம் பார்த்திருக்கோம். அந்தப் பத்து நிமிஷப் பயணத்துக்குக் காகித டிக்கெட் எடுத்தாலும் முத்திரை உண்டா?

மிலானோ மணி:
உண்டு. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. இரண்டு பேர் டிக்கெட்டிலும் முத்திரை விழுந்திருக்கா என்று பார்த்துக்குங்க.