தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகள் பேர்பனின் விலையை ஏற்றினவா?

கேள்வி (நுவரெலியா)
நான் இங்குள்ள ஒரு ஹோட்டலின் மதுபானப் பிரிவில் பணிபுரிகிறேன். சமையல் நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்க்கும் வெளிநாட்டுப் பயணிகள், சோளத்தை முதன்மையாகக் கொண்டு வடிக்கும் அமெரிக்க விஸ்கியான பேர்பனைக் கேட்பது கூடிவருகிறது. சிலர் ‘பேப்பி வான் விங்கிள்’ உண்டா என்றே விசாரிக்கிறார்கள். அந்த விஸ்கிக்குத் தயாரிப்பாளர் குறிக்கும் விலை சில நூறு டொலராக இருக்க, மறுவிற்பனையில் அது பல ஆயிரம் டொலருக்குப் போகிறது. சமையற்கலைஞர் ஒருவர் திரையில் புகழ்ந்ததனால் மட்டும் இவ்வளவு ஏற்றம் வருமா? எங்கள் முகாமையாளர் பேர்பன் வகைகளைக் கூட்ட எண்ணியிருப்பதால், விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (கண்டி)
தம்பி, புகழ்ச்சிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தொலைக்காட்சியில் புகழ்பெற்ற அமெரிக்கச் சமையற்கலைஞர் அந்தோனி போர்டைன் பேப்பியை வெளிப்படையாகக் கொண்டாடினார். டேவிட் சாங், ஷோன் புரொக் போன்ற சமையற்கலைஞர்களும் அதைப் பரப்பினார்கள். இவர்களைப் பார்த்து உணவகத்தைத் தெரிவுசெய்யும் இரசிகர்கள், அவர்கள் குடிப்பதையும் தேடத் தொடங்கியதில் வியப்பில்லை.

ஆனால் அந்தத் தேடல் விலையாக மாறியதற்குக் காரணம் பீப்பாயில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி பேர்பனின் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் சோளமாக இருக்க வேண்டும்; அது உட்புறம் கருக்கிய புதிய ஓக் கொள்கலனில் முதிர வேண்டும். பேப்பியின் புகழ்பெற்ற வகைகள் 15, 20, 23 ஆண்டுகள் முதிர்பவை. 2012இல் ஒருவர் திரையில் பார்த்து ஆசைப்பட்ட 20 ஆண்டுப் போத்தல், 1990களின் தொடக்கத்திலோ அதற்கு முன்போ, பேர்பனை விரும்புவோர் குறைந்திருந்த காலத்தில் பீப்பாயில் இடப்பட்டது. பேப்பியை விற்கும் வான் விங்கிள் குடும்பத்தின் பழைய ஸ்டிட்செல்-வெல்லர் வடிசாலை 1992இல் வடிப்பதையே நிறுத்திவிட்டது. ஆண்டுதோறும் ஆவியாகும் இழப்பையும் சேர்த்தால், 20 ஆண்டு கழிந்த பீப்பாயில் பாதிகூட மிஞ்சுவதில்லை. ஆகவே கேட்போர் ஒரே இரவில் பெருகலாம். சரக்கைப் பெருக்க எவராலும் முடியாது.

பதில் 2 (பண்டாரவளை)
கண்டி நண்பர் சரக்கைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். தொலைக்காட்சிக்கு முதலிடம் கொடுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 1990களிலேயே ஒரு சுவைமதிப்பீட்டு நிறுவனம் பேப்பியின் 20 ஆண்டு விஸ்கிக்கு 100க்கு 99 புள்ளி கொடுத்தது. அதை அறிந்தவர்களின் வட்டம் அப்போதே உருவாகிவிட்டது. பழைய கொக்டெயில்கள் மீண்டும் வழக்குக்கு வந்ததும், சேகரிப்பாளர்கள் இணையத்தில் ஒன்றுகூடியதும் அந்த வட்டத்தை விரித்தன. 2013இல், இப்போது பேப்பியை வடிக்கும் பஃபலோ டிரேஸ் வடிசாலையிலிருந்து பேப்பி உள்ளிட்ட 200க்கும் மேற்பட்ட வான் விங்கிள் போத்தல்கள் களவுபோன செய்தி, எந்தச் சமையல் நிகழ்ச்சியும் தேடித்தராத விளம்பரத்தைத் தந்தது.

எனக்கு வருத்தம் தருவது, உயர்ந்த விலையின் பெரும்பகுதி வடித்தவரைச் சேராமல், குறித்த விலைக்கு வாங்கிப் பதுக்கி விற்பவரைச் சேர்வதுதான். மலையகத்தில் பிறந்த நமக்கு, விளைவிப்பவர் கையைத் தாண்டிச் சேரும் இலாபம் புதிதன்று.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. சாதாரண பேர்பன் வகைகளின் விலையையும் இந்த நிகழ்ச்சிகள் ஏற்றியிருக்கின்றனவா?

பதில் 3 (ஹட்டன்)
அந்த அளவுக்கு இல்லை. நான்கைந்து ஆண்டில் போத்தலுக்கு வரும் வகைகளைக் கேள்விக்கேற்பக் கூட்டி வடிக்கலாம் என்பதால், அவை பேப்பியைப் போலத் துள்ளவில்லை. இடையில் அகப்பட்டது வெல்லர் என்ற பேர்பன் வகை: பேப்பியைப் போலவே ரை தானியத்துக்குப் பதிலாகக் கோதுமை சேர்த்து அதே பஃபலோ டிரேஸில் வடிக்கப்படுவது தெரியவந்ததும், பேப்பி கிடைக்காதவர்கள் அதன்மேல் பாய்ந்தார்கள், ஒருகாலத்தில் மலிவாகக் கிடைத்த அதற்கும் மறுவிற்பனைச் சந்தை உருவாகிவிட்டது.

இப்போது காற்று மாறியிருக்கிறது. பெருகிய ஆசையை நம்பி வடித்த பீப்பாய்கள், பேர்பன் பெருமளவில் வடிக்கப்படும் அமெரிக்க மாநிலமான கென்டக்கியில் 140 இலட்சத்தையும் கடந்துவிட்டதால், அரிய போத்தல்களின் மறுவிற்பனை விலைகளிலும் தளர்வு தெரிகிறது. ஆகவே இந்த நேரத்தில் உச்ச விலை கொடுத்து எதையும் வாங்கி அடுக்க வேண்டாம் என்று முகாமையாளரிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் மதுவுக்கு விளம்பரத் தடை உண்டு. உள்ளூர்த் தொலைக்காட்சியில் மதுக் கிண்ணத்தையும் மங்கலாக்கிவிடுகிறார்கள். எனவே உங்கள் ஹோட்டலில் பேர்பன் கேட்பவர்கள் பெரும்பாலும் வெளியூரில் பார்த்துவிட்டு வருபவர்களே. நீங்கள் கொடுக்கும் விலையில் இறக்குமதித் தீர்வையும் மதுவரியும் பெரும்பங்கு என்பதால், கென்டக்கி விலையை அப்படியே ஒப்பிடுவதும் பொருந்தாது. பேப்பி கேட்பவருக்கு அதே கோதுமைக் குடும்பத்தைச் சேர்ந்த மேக்கர்ஸ் மார்க்கைக் காட்டி, ரை சேர்ந்த ஒரு பேர்பனையும் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வகை போதும். அவற்றின் வேறுபாட்டைப் பரிமாறுபவர் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.