ஜீப்புக்கு படுதா மாத்துன கதை: ஏற்காடு ஏறினவங்க சொல்லுங்க

கோரிமேடு_540

மூணு வருஷம் ஆச்சு, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

எம்எம்540, மகிந்திரா ஜீப்பு, அப்பா வண்டி. பழைய கேன்வாஸ் நைஞ்சு போச்சுன்னு சித்திரை மாசம் கருப்பு ரெக்சின்ல புதுசா தைக்கக் குடுத்தேன். குஷன் கடைக்காரர் வண்டியை நடு வெயில்ல நிறுத்தி, பசங்க ரெண்டு பேரை ஆளுக்கொரு பக்கம் இழுக்கச் சொல்லி, தவில் மாதிரி மாட்டிக் குடுத்தார். ஒரு சுருக்கம் கிடையாது. பூரிச்சுப் போய் கூலிக்கு மேல நூறு ரூபா குடுத்துட்டு வந்தேன்.

மார்கழில குடும்பத்தோட ஏற்காடு. லேடீஸ் சீட்டுங்கிற வியூ பாயிண்ட்ல நின்னு சேலம் லைட்டைப் பார்க்கணும்னு பாப்பாவுக்கு ஆசை. வண்டிலயே உக்காந்து பார்க்கட்டும்னு பின் படுதாவை அவுத்துச் சுருட்டி மேல கட்டினேன். ஒரு மணி நேரம் இருக்கும், பனி இறங்கிருச்சு. திரும்ப இறக்கி மாட்டப் போனா கொக்கிக்கும் கண்ணிக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி. மத்தியானம் சேலத்துல இதே துணிதானே எட்டுச்சு! முழங்காலை பம்பர்ல முட்டுக் குடுத்து இழுத்தேன். துணி வரல. நடுவுல இருந்த பிளாஸ்டிக் கண்ணாடி 'படார்'னு மேலேர்ந்து கீழ வரைக்கும் வாயைப் பிளந்துச்சு. "அப்பா, ஜீப்புக்கு அடி பட்டுருச்சா?"ன்னு பாப்பா கேட்டா. வீட்டுக்காரி சால்வையை அந்த ஓட்டைல திணிச்சுக்கிட்டுத்தான் 20 கொண்டை ஊசியும் இறங்கினோம். சால்வை அவங்க அம்மா எடுத்துக் குடுத்தது. அந்தக் கணக்கு இன்னும் தீரல.

வேற யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

செவ்வாய்ப்பேட்டை_சின்னவன்

எனக்குக் குளிர் இல்லீங்க, தண்ணி. வண்டி சிஜே340, அதுவும் மகிந்திரா ஜீப்புதான். படுதா புதுசு, அதைத் தாங்குற கம்பி பழசு. கம்பிங்களை முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்கிற நாடா அறுந்து கிடந்துச்சு. அது எதுக்குன்னு விட்டுட்டேன். எதுக்குன்னு ஐப்பசில தெரிஞ்சுது.

மலைமேல சொந்தக்காரங்க கல்யாணம், ராத்திரி பூரா மழை. காலைல பார்த்தா ரெண்டு கம்பிக்கும் நடுவுல தூளி கட்டுன மாதிரி தொங்குது. உள்ளருந்து கையால தூக்கி விட்டேன், முக்கால்வாசி கொட்டிருச்சு. மிச்சம் கால்வாசி. அத்தையை முன் சீட்ல உக்கார வச்சுக் கிளம்பினேன். இறங்கும்போது முதல்ல வர்றது இருபதாவது வளைவு. பிரேக்கை மிதிச்சேன். மேல இருந்த தண்ணி மொத்தமும் முன்னாடி ஓடி, கண்ணாடிச் சட்டத்துக்கும் படுதாவுக்கும் நடுவுல இருக்கிற சந்துல புகுந்து, நேரா அத்தை மடி. பட்டுச்சேலை. அத்தை ஒரு வார்த்தை பேசல. அடிவாரம் வர்ற வரைக்கும் பேசல. திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்.

ஃபோர்வீல்_மாமா

தம்பி கோரிமேடு, கடைக்காரரைக் குத்தம் சொல்லாதீங்க. ரெக்சின்னா துணி மேல பிவிசி பூச்சு. வெயில்ல இளகி நீளும், குளிர்ல சுருங்கி விறைக்கும். சித்திரை வெயில்ல கடைசி இழுப்பு வரைக்கும் இழுத்துக் கண்ணி அடிச்சுட்டு, 1,500 மீட்டர் உயரத்துல மார்கழி ராத்திரி அவுத்தா எப்படி எட்டும்? மாட்டினது மாட்டினபடி இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. அவுத்ததுதான் வினை. அந்த பிளாஸ்டிக்கும் அதே ஜாதி. குளிர்ல அப்பளம். இழுக்கறதுக்கு முன்னாடி எஞ்சினை ஓட விட்டு, சூடான பானட் மேல பத்து நிமிஷம் விரிச்சுப் போட்டிருந்தா இளகி வந்திருக்கும்.

இனி தைக்கறவங்க கவனத்துக்கு. மலைக்குப் போற வண்டின்னா பருத்தி கேன்வாஸ்தான், ரெக்சின் பக்கமே போகாதீங்க. நனைஞ்சா நூல் உப்பிக்கிட்டு ஓட்டையை அதுவே அடைச்சுக்கும். மூச்சும் விடும், அதனால ரெக்சின் மாதிரி உள்பக்கம் வேர்த்துச் சொட்டாது. ஆனா நனைஞ்ச படுதாவை உள்ளருந்து விரலால தொட்டீங்கன்னா தொட்ட இடத்துல ஒழுக ஆரம்பிக்கும். புதுத்துணி முதல் நனைச்சல்ல சுருங்கும், அதனால வெட்டறதுக்கு முன்னாடியே நனைச்சுக் காயப் போடச் சொல்லணும். தையல்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். நூல் பாலியஸ்டர் நூல். பருத்தி நூல்ல தைச்சா துணி நல்லா இருக்கும்போதே தையல் மக்கிரும். மடிப்புத் தையல் ஓட்டு வீட்டு ஓடு மாதிரி மேல் துணி கீழ் துணி மேல படிஞ்சு இருக்கணும், மாத்தி வச்சா மழைத்தண்ணியை நாமே உள்ள கூப்பிட்ட மாதிரி. சோப்புத்தூள் போட்டு அலசவே கூடாது, தண்ணி ஒட்டாம இருக்கப் போட்ட மெழுகுப் பூச்சு போயிரும். சங்ககிரி பக்கம் லாரித் தார்ப்பாய் தைக்கறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, காருக்கு சீட் கவர் தைக்கறவரை விட அவங்களுக்கு மழை தெரியும்.

என் கதை பெருசா ஒண்ணுமில்ல. ஈரப் படுதாவைச் சுருட்டி ஷெட்ல போட்டுட்டு ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டேன். வந்து பிரிச்சா கருப்புக் கருப்பா பூசணம். அவ்வளவுதான்.

கோரிமேடு_540

மாமா, நான் கடைக்காரரைக் குத்தம் சொல்லவே இல்ல. நூறு ரூபா கூடக் குடுத்தேன்னுதானே எழுதியிருக்கேன். ஆலோசனையும் கேக்கல. அப்புறம், பூசணம் புடிச்சது உங்க பருத்தி கேன்வாஸ்தானே? ரெக்சின்னா தொடைச்சுப் போட்டுட்டுப் போயிருக்கலாம். பானட் யோசனை மட்டும் நல்லா இருக்கு. மூணு வருஷம் லேட்டு.

அழகாபுரம்_பாலா

ரெடிமேட் வாங்கின ஆளு நான். 'ஜீப்புக்குப் பொருந்தும்'னு போட்டிருந்தான், நம்பி வடக்கேர்ந்து வரவழைச்சேன். முன்னாடி கண்ணாடிச் சட்டத்துல அழகா உக்காந்துச்சு. பின்னாடி ஒரு சாணுக்கு மேல துணியே இல்ல. அப்புறம்தான் டேப்பை எடுத்தேன். சிஜே3பி வழில வந்த குட்டை வண்டிக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 80 அங்குலம், என் 540க்கு 91. அளந்துட்டு வாங்கணும்னு யாருக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். அந்தத் துணி இப்ப மாட்டுக் கொட்டகைல சாரல் தடுக்குது. மாட்டுக்கு அளவு சரியா இருக்கு.

அயோத்தியாப்பட்டணம்_மலர்

படிச்சிட்டுப் போகலாம்னுதான் வந்தேன், எழுதாம இருக்க முடியல. அண்ணனோட பழைய மகிந்திரா மேஜர் ஜீப்புல குப்பனூர் வழியா ஏறினோம். சாரல் அடிக்குதுன்னு பக்கப் படுதா எல்லாத்தையும் இறக்கியாச்சு. காத்து வரட்டும்னு பின்னாடி மட்டும் சுருட்டி விட்டோம். பின் சீட்ல அண்ணன் பசங்க ரெண்டு பேர். பாதி மலை ஏறல, பெரியவன் வாந்தி. அப்புறம் சின்னவன். வளைவுதான் காரணம்னு நாங்களே முடிவு பண்ணி, ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தைக் கைல குடுத்து "மோந்து பாரு கண்ணு, சரியாயிடும்"னு சொல்லிக்கிட்டே வந்தேன்.

மேல போய் சின்னவன் மூஞ்சியைத் தொடைச்சேன். வெள்ளைக் கைக்குட்டை. மூக்குக்குக் கீழ தொடைச்ச இடம் கரிச்சட்டி தொடைச்ச மாதிரி வந்துச்சு. முன்னாடி அடைச்சுப் பின்னாடி மட்டும் திறந்தா, ஓடுற வண்டி தன் புகையைத் தானே உள்ள இழுத்துக்குமாம். எங்க ரெண்டு பேருக்கும் அது தெரியல. நல்லா மூச்சை இழுத்து மோந்து பாருன்னு சொன்னது நான்தான்.

ஃபோர்வீல்_மாமா

அம்மா மலர், முன் ஜன்னல் ரெண்டையும் கொஞ்சம் திறந்து வச்சிருந்தா இது வந்திருக்காது. சைலன்சர் குழாய் பம்பருக்கு உள்ளயே முடியுதான்னும் பாருங்க, முடிஞ்சா ஒரு துண்டு நீட்டி...

அயோத்தியாப்பட்டணம்_மலர்

வண்டியை வித்தாச்சுங்க மாமா.

நாகலூர்_காப்பி

துணியைப் பத்தி இவ்வளவு பேசுறீங்க, குரங்கைப் பத்தி ஒருத்தரும் பேசலயே.

மலைப்பாதைல ஓரமா நிறுத்தி பிளாஸ்க்லேர்ந்து டீ ஊத்திக்கிட்டு இருந்தேன். தலைக்கு மேல 'பொத்'. நிமிர்ந்து பார்த்தா படுதாவுல அச்சு அசலா ஒரு உட்காரும் வடிவம், ரெண்டு உருண்டையா கீழ அழுந்தி, என் மூக்குக்கு ஒரு அடி மேல. அசையாம உக்காந்திருக்கு. நானும் அசையல. டீ ஆறுது. கொஞ்ச நேரத்துல பக்கத்து ஜிப் ஓரமா நாலு விரல் மெதுவா உள்ள வந்துச்சு. ஆரஞ்சுப் பழப் பை பின் சீட்ல. ஜிப்பை அது திறந்த அழகைப் பார்த்தீங்கன்னா, நான் திறக்கறதை விட நேக்கு. கத்தினேன். பயத்துல அது கையை இழுத்த இழுப்புல ஒரு முழம் கிழிஞ்சிருச்சு. கேன்வாஸ்தான் மாமா, பருத்தி. வெட்டறதுக்கு முன்னாடி நனைச்சதும்தான்.

அழகாபுரம்_பாலா

பேசாம எல்லாரும் இரும்பு டாப் போட்டுருங்க. குளிர், தண்ணி, குரங்கு எதுவும் கிடையாது.

ஃபோர்வீல்_மாமா

ஆர்சி புத்தகத்துல இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கு தம்பி. கேட்டுட்டுச் செய்யுங்க. அதுவும் இல்லாம இரும்பு மூடி போட்டப்புறம் ஜீப்பு எதுக்கு? கார் வாங்கிக்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை_சின்னவன்

நாடா புதுசா போட்டாச்சு. கண்ணாடிச் சட்டத்துக்கு ரப்பரும் வச்சு, குழாய்த்தண்ணி அடிச்சுப் பார்த்தேன், ஒரு சொட்டு வரல. வர்ற ஞாயித்துக்கிழமை மேல ஒரு காதுகுத்து. அத்தைக்கு போன் பண்ணி வண்டில வாங்கன்னு கூப்பிட்டேன். பஸ்ல வர்றாங்களாம்.