பிள்ளையார் கோயில் தெரு வாட்ஸ்அப் குழு, மடிப்பாக்கம், சென்னை: ஞாயிறு கணக்கெடுப்பு

கீதா: ஞாயிறு காலை 10 மணிக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். சின்ன பஸ் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்வார்களாம்.

கார்த்திக்: வீட்டுக்கா, ஸ்டாப்புக்கா?

கீதா: ஸ்டாப்பில்தான். பஸ் ஏற வருகிறவர்களிடம்.

சுந்தரம் மாமா: அங்கேதான் கோளாறு. நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஸ்டாப்பில் நிற்பவர் யார்? பஸ் எப்படியோ ஒத்துவருகிறவர். ஒத்துவராமல் ஸ்கூட்டி வாங்கியவர், ஷேர் ஆட்டோவுக்கு மாறியவர், வேலையையே விட்டவர், இவர்கள் யாரும் அந்தப் பக்கமே வருவதில்லை. டிக்கெட் கணக்கும் இப்படித்தான். வெள்ளை போர்டு போட்ட சாதாரண பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனாலும் கண்டக்டர் சீட்டு கொடுக்கிறார். ஏறியவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். ஏறாதவர்களுக்கு ஏது சீட்டு? அதிலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேலைக்குப் போகிற ஒருவரையும் பார்க்க முடியாது.

ரபீக் பாய்: சரிதான் மாமா

மாலதி அக்கா: ஞாயிறு தண்ணி லாரி உண்டா?

நடராஜன் சார்: உண்டு. 7 மணி. சம்ப் மூடியைத் திறந்து வையுங்கள்.

ஸ்டெல்லா டீச்சர்: நான் படுகிற பாட்டையும் எழுதச் சொல்லுங்கள். 8.10 பஸ் பரங்கிமலை ரயில் நிலையத்தில் இறக்கிவிடும். நான் படியேறி பிளாட்பாரத்துக்குப் போவதற்குள் பீச் போகிற ரயிலின் கடைசிப் பெட்டி கண்ணெதிரே போய்விடும். நாலே நிமிஷம்! போன மழைக்கு ஓடி வழுக்கி, முழங்காலில் நல்ல அடி. இப்போது அவர்தான் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார்.

சுந்தரம் மாமா: பார்த்தீர்களா. டீச்சர் இப்போது ஸ்டாப்பில் இல்லை. இந்த நாலு நிமிஷத்தை யார் சொல்வார்கள்?

கார்த்திக்: ஸ்டாப்பே தூரம். முன்பு மாதிரி மாலதி அக்கா வாசலில் இருந்திருந்தால்...

மாலதி அக்கா: தம்பி, அதை மறுபடி ஆரம்பிக்காதே. ஸ்டாப்பை மாற்றச் சொல்லி மனு கொடுத்தது நான் இல்லை.

நடராஜன் சார்: கையெழுத்து இருந்ததே

மாலதி அக்கா: அப்பா படுத்த படுக்கையாக இருந்த நேரம். ராத்திரி பகலாக ஹாரன். உங்களுக்கு என்ன தெரியும்?

கீதா: அக்கா, விடுங்கள். மாமா, "சேவை திருப்தியா" என்று கேட்டால் எல்லோரும் பரவாயில்லை என்றுதானே சொல்வார்கள்?

சுந்தரம் மாமா: அப்படிக் கேட்கவே கூடாதம்மா. நேற்று எங்கெங்கே போனீர்கள், எதில் போனீர்கள் என்று கேட்க வேண்டும். நீ சொல்லு.

கீதா: பள்ளிக்கூடம், ரேஷன் கடை, அம்மாவுக்கு மாத்திரை, மறுபடி பள்ளிக்கூடம். எல்லாம் 9க்கும் 4க்கும் நடுவில். அப்போது மணிக்கு ஒரு பஸ். ஆட்டோவுக்கு மட்டும் 160 ரூபாய்.

சுந்தரம் மாமா: இதுதான் வேண்டும். கட்டணமில்லாப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு சொன்னதே, அதுவும் பெண்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். டிப்போ நோட்டைப் புரட்டினால் அது கிடைக்காது.

ரபீக் பாய்: கடைசி பஸ் 9.15. நான் கடை பூட்ட 9.40. பையன்கள் ரெண்டு பேரும் நடந்தே போகிறார்கள்.

நடராஜன் சார்: கோயில் திண்ணையில் நீலக் குடை கிடக்கிறது. யாருடையது?

கார்த்திக்: திங்கள் காலை, வீடு வீடாக வரச் சொல்லலாமா?

கீதா: அந்தக் கல்லூரிப் பையனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஞாயிறு வந்தால் நாமே கூட்டிக்கொண்டு போவோம். பஸ் ஏறாத வீடுகள் பட்டியல் யார் போடுகிறீர்கள்?

சுந்தரம் மாமா: நான் போடுகிறேன். மேலத் தெரு எனக்குத் தெரியாது.

ரபீக் பாய்: மேலத் தெரு பார்க்கலாம்

மாலதி அக்கா: என் திண்ணையில் உட்கார்ந்து எழுதட்டும். டீ போட்டுத் தருகிறேன்.

கார்த்திக்: ஸ்டாப்பும் அங்கேயே திரும்பி வரலாமா அக்கா?

மாலதி அக்கா: முதலில் அவர்கள் வரட்டும். அப்புறம் பேசலாம்.

ஸ்டெல்லா டீச்சர்: குடை என்னுடையது சார்