ஆதார் இல்லாத வெளிமாநிலக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி: எங்கள் அனுபவம்

காரைக்குடி பக்கம் புதுவயல் அரிசி மில்களில் குடும்பத்தோடு தங்கி வேலை பார்க்கும் வடமாநில ஆட்களின் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வைக்க அலைந்த அனுபவம் இது. யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

ஒரு பீகார்ப் பெண், கையில் பத்து மாதக் குழந்தை. பிரசவம் ஊரில், வீட்டிலேயே. ஆதாரும் இல்லை, ஊசி அட்டையும் இல்லை. ஓர் இடத்தில் சீட்டுப் போடுகிறவர் "ஆதார் கொண்டா" என்று விரட்டிவிட்டார். அதிலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே பயம். புருஷனுக்கோ போலீஸ் வந்துவிடும், வேலை போய்விடும் என்ற கவலை. கேட்டதும் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. ஆதார் இல்லை என்று குழந்தைக்கு ஊசியை மறுக்கக் கூடாது. கொரோனா நேரத்தில், 2021 மே மாதமே, அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் ஊசி போட மத்திய சுகாதார அமைச்சகம் வழிமுறை கொடுத்ததே!

எங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னேன். "புதன்கிழமை கூட்டிட்டு வாங்கம்மா. பேரு, போன் நம்பர் சொன்னாப் போதும்" என்றார்.

அவர் முதலில் குழந்தையின் இடது கைச் சட்டையை ஏற்றி பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பைத் தேடினார். இல்லை. "ஒரு வயசு ஆகலையே, இப்பவே போட்டுடலாம்." இடது கையில் பிசிஜி, வலது கையில் தட்டம்மை-ரூபெல்லா, இடது தொடையில் பெண்டா (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), வாயில் போலியோ சொட்டு. ஒரே நாளில் இத்தனையா என்று தாய் மிரண்டுபோனாள். இந்தி தெரிந்த மில் மேஸ்திரியை போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேச வைத்தோம். காய்ச்சல் வரலாம், பிசிஜி போட்ட இடம் சில வாரம் கழித்துச் சின்னதாகப் புண்ணாகும், எதையும் தடவக் கூடாது. இதைச் சொல்லாமல் அனுப்பியிருந்தால் புண்ணைப் பார்த்து அடுத்த ஊசிக்கு வந்திருக்கவே மாட்டாள்.

பெண்டா இன்னும் இரண்டு தவணை, நான்கு வார இடைவெளியில். அதற்குள் ஊர் மாறிவிட்டால்? அட்டையைப் புருஷன், பெண்டாட்டி இருவர் போனிலும் படம் எடுத்து வைக்கச் சொன்னேன். போகிற ஊரில் அதைக் காட்டி மிச்சத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

பதில் (ஆத்தங்குடியிலிருந்து):
அக்கா, எங்க டைல்ஸ் பட்டறையில ஒரு ஒடிசாப் பொண்ணு ஆறு மாசக் கர்ப்பம். இன்னும் எங்கயும் பதியல. ஊருக்குப் போய்ப் பாத்துக்கிறேங்குது. என்ன பண்றது?

பதில்:
தம்பி, ஊருக்குப் போகிறவரை விடாதீர்கள். உங்கள் பகுதி செவிலியரிடம் சொல்லி இப்போதே பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் கொடுக்கும் எண்) வாங்குங்கள். இங்கேயே பிரசவமானால் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியும் போட்டிருக்காது, கேட்டுப் பாருங்கள். சீட்டுப் போடும் இடத்தில் தகராறு செய்தால் அரசு சுகாதார உதவி எண் 104-க்குப் போன் போடுங்கள். முடிந்தால் பட்டறையிலிருந்து ஒருவர் கூடவே போங்கள், தனியாக அனுப்ப வேண்டாம்.