சந்தை ஒருவர் கையில் இருப்பது மோசமா, நாலைந்து பேர் கையில் இருப்பது மோசமா?

கோழிக்கடை அண்ணன்
மகள் தொடக்கக்கல்லூரியில் பொருளியல் படிக்கிறாள். முற்றுரிமை, சில்லோர் முற்றுரிமை இரண்டில் எது மோசம் என்று நேற்று கேட்டாள். சந்தையை ஒரே நிறுவனம் வைத்திருந்தால் முதலாவது, சில பெரிய நிறுவனங்கள் பங்கு போட்டுக்கொண்டால் இரண்டாவது. நான் யோசிக்காமல் இரண்டாவதுதான் என்றேன்.

பதினெட்டு வருடம் ஈரச்சந்தையில் கோழி விற்றவன் நான். விடிகாலை நாலு மணிக்கு வேன் வரும். ஒருநாள் விலை கட்டுப்படியாகாமல் வேறொரு விநியோகஸ்தரிடம் கேட்டேன். "நீங்க அவர்கிட்டதானே எடுக்குறீங்க, அங்கேயே எடுங்க" என்றார். வியாபாரம் வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை அன்றுதான் பார்த்தேன்.

2018இல் சிங்கப்பூரின் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் 13 கோழி விநியோக நிறுவனங்களுக்கு மொத்தம் கிட்டத்தட்ட 27 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் போட்டது. இங்கே விற்கும் புதுக்கோழியில் 90 விழுக்காட்டுக்கு மேல் அவர்கள் கையில்தான் இருந்தது. விலையை எப்போது, எவ்வளவு ஏற்றுவது என்று பேசிவைத்திருக்கிறார்கள். ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் இழுப்பதில்லை என்றும் உடன்பாடு. 2007 முதல் 2014 வரை!

இரவுப்பணி
அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஏகபோகம், அதாவது முற்றுரிமைதான் மோசம். 2018 மார்ச்சில் வாடகைக்கார் செயலி நிறுவனமான ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலை அதன் போட்டியாளரான கிராபிடம் விற்றது. அதற்குப் பிறகு கட்டணம் 10 முதல் 15 விழுக்காடு கூடியதாக அதே ஆணையம்தான் கண்டறிந்து, இரண்டுக்கும் சேர்த்து 13 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது. இரண்டு பெரிய ஆட்கள் ஒன்றானதும் நடந்தது இது. 13 பேர் என்றால் ஒருவராவது பிசகுவார் என்ற நம்பிக்கை உண்டு. ஒரே ஆள் என்றால் யாரிடம் போவது?

டியூஷன் டீச்சர்
தம்பி சொல்வதற்குக் கணக்கிலேயே ஆதாரம் இருக்கிறது. 1838இல் கூர்னோ என்ற பிரெஞ்சுப் பொருளியலாளர் காட்டியது அதுதான். இரண்டு விற்பனையாளர்கள் தனித்தனியாக முடிவெடுத்தால், சந்தைக்கு வரும் சரக்கு ஏகபோகத்தில் வருவதைவிடக் கூடுதலாக இருக்கும், விலையும் குறையும். யாரும் தனியாக விலையை அசைக்க முடியாத அளவுக்குப் பலர் விற்கும் நிறைவுப் போட்டி அளவுக்குக் குறையாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. எல்லா முற்றுரிமையும் கெட்டதில்லை. ஒரு அடுக்குமாடி புளோக்குக்கு நாலு நிறுவனங்கள் நாலு தண்ணீர்க்குழாய் போட்டால் செலவு யார் தலையில் விழும்? அங்கே ஒருவர் இருப்பதுதான் மலிவு. அதை இயற்கை முற்றுரிமை என்போம்.

கோழிக்கடை அண்ணன்
டீச்சர், "தனித்தனியாக முடிவெடுத்தால்" என்றீர்களே, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான் தொங்குகிறது. எடுக்காவிட்டால்? 13 பேரும் ஒரே முதலாளி மாதிரி ஆகிவிடுவார்கள். தண்ணீர்க் கட்டணம் ஏறினால் அது செய்தியில் வரும், நாடாளுமன்றத்தில் கேள்வி வரும். எங்கள் சந்தையில் 13 பெயர்ப்பலகை தொங்கியதால் போட்டி இருக்கிறது என்றே எல்லாரும் நம்பினோம்.

டியூஷன் டீச்சர்
சரிதான், அது நியாயமான கேள்வி. பேசிவைக்காமலே விலை ஒட்டிக்கொள்வதும் உண்டு. 1939இல் ஸ்வீசி என்ற அமெரிக்கப் பொருளியலாளர் எழுதிய கருத்து அது. நான் விலையை ஏற்றினால் மற்றவர்கள் ஏற்ற மாட்டார்கள், என் வாடிக்கையாளர் போய்விடுவார். நான் குறைத்தால் எல்லாரும் குறைப்பார்கள், எனக்கு லாபமில்லை. அதனால் யாரும் கையை அசைப்பதில்லை. இதில் உடன்பாடு எதுவும் இல்லை என்பதால் சட்டமும் பிடிக்க முடியாது.

இரவுப்பணி
அப்படியானால் எத்தனை பேர் என்பதைவிடக் கதவு திறந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். 1997இல் எம்1 என்ற இரண்டாவது நிறுவனம் வரும்வரை இங்கே கைப்பேசிச் சேவைக்கு சிங்டெல் நிறுவனம் ஒன்றுதான். 2000 ஏப்ரலில் தொலைத்தொடர்புச் சந்தையை முழுதாகத் திறந்தார்கள். ஊபர் போன அதே ஆண்டு நவம்பரில் கோஜெக் என்ற இன்னொரு வாடகைக்கார் செயலி இங்கே சோதனை ஓட்டம் தொடங்கியது. ஏகபோகக்காரன் முதலில் பூட்டுவது அந்தக் கதவைத்தான், அதனால்தான் அது மோசம் என்கிறேன்.

கோழிக்கடை அண்ணன்
கதவு என்பதை ஒப்புக்கொள்கிறேன், தம்பி. ஆனால் கோழி லாரி, அறுக்கும் இடம், உரிமம் என்று முதல் போட்டு உள்ளே வர எத்தனை பேரால் முடியும்? என் கதவு வெளியே பூட்டில்லாமல் உள்ளே தாழ் போட்டிருந்தது. அபராதப் பணமும் அரசாங்கத்துக்குப் போனது, எங்களுக்கோ எங்களிடம் கோழி வாங்கிய அக்காமார்களுக்கோ வரவில்லை. 2007 முதல் எழுதிய கொள்முதல் நோட்டுகள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. இன்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து, விலை ஏறிய தேதிகளை ஒவ்வொன்றாகக் குறிக்கப் போகிறேன்.