முதுகலைக் கட்டணமா, தறியில் முதல் பாவா? கீழக்கரையிலிருந்து ஒரு கேள்வி

கீழக்கரைத் தையல்:
ஆடை வடிவமைப்பில் இளங்கலை முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டு முன்னறையில் இரண்டு இயந்திரங்களைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டு ரவிக்கைகளும், நம் பெண்கள் உடைக்கு மேல் அணியும் நீள அங்கியான அபாயாக்களும் தைத்துக் கொடுத்து வருகிறேன். இப்போது சென்னை தரமணியில் உள்ள தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகமான நிஃப்டிலோ அதைப் போன்ற வேறோர் இடத்திலோ இரண்டாண்டு முதுகலை படிக்க விரும்புகிறேன். வாப்பாவோ, அந்தக் கட்டணத்தைக் கையில் தருகிறேன், சரக்குப் போட்டு வியாபாரத்தைப் பார் என்கிறார்.

என் மனத்தில் இருப்பது ஒரு சிறிய கலெக்‌ஷன்: பரமக்குடிப் பக்கத்துக் கைத்தறிப் பருத்தியில் அபாயாக்கள். நம் ஊரில் விற்பவை பெரும்பாலும் நிதா துணியில் வருகின்றன. அது பாலியஸ்டர், சுருங்காது, சாயம் போகாது, ஆனால் சித்திரை வெயிலில் கடற்காற்றும் நின்றுவிட்ட ஒரு பிற்பகலில் அதைப் போட்டுக்கொண்டு பேருந்துக்குக் காத்திருப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இதைச் சரியாக வடிவமைத்துச் சந்தைக்குக் கொண்டுபோகும் திறன் என்னிடம் இல்லை என்று நினைக்கிறேன். அந்தத் திறனைப் படிப்பு தருமா, கடை தருமா என்பதே என் கேள்வி.

தொண்டித் துணிக்கடை:
வாப்பா சொல்வதுதான் சரி. இருபத்தாறு ஆண்டுகளாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். கடைக்கு வரும் ஒரு தாய் முதலில் வடிவத்தைப் பார்ப்பதில்லை. துணியின் ஓரத்தைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். பிறகு கையை உள்ளே விட்டு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, ஊடே தெரிகிறதா என்று பார்க்கிறார். அதன் பின்னரே விலையைக் கேட்கிறார். அபாயாவின் அளவு உயரத்தைக் கொண்டது என்பது தங்களுக்குத் தெரியும். என் கடையில் 54, 56 அங்குலம் வந்த வாரத்திலேயே போய்விடும். 60 அங்குலம் வாங்கிவைத்தால் அடுத்த பெருநாளிலும் அதே அலமாரியில் இருக்கும். இதையெல்லாம் எந்த வகுப்பறையில் சொல்லித் தருவார்கள்? அங்கே மேடையில் நடப்பதற்கு உடை தைக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அது பெட்டிக்குள் போகிறது. கட்டணம் மட்டும் வெளியே போய்விடுகிறது.

மண்டபம் முதுகலை:
துணிக்கடை அண்ணன் எழுதியதில் ஒரு பாதியை மறுக்க வேண்டியிருக்கிறது. 54 போகும், 60 தங்கும் என்பது நினைவில் இருக்கும் அனுபவம். அது அடுத்த பெருநாளுக்கு எத்தனை உருப்படி, எந்தத் துணியில், எந்த விலையில் போட வேண்டும் என்ற திட்டமாக மாறும்போதுதான் பிறருக்குப் பயன்படுகிறது. அந்த மாற்றத்தைத்தான் நான் படிப்பில் கற்றேன்.

முதலில் ஒரு தெளிவு. நிஃப்டில் முதுகலை என்பது ஒரே படிப்பன்று. வடிவமைப்புக்கு ஒன்று, ஆடை வணிக மேலாண்மைக்கு ஒன்று, உற்பத்தித் தொழில்நுட்பத்துக்கு ஒன்று என மூன்று இருக்கின்றன. மூன்றும் நான்கு பருவங்கள். முதல் இரண்டுக்கும் எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். மூன்றாவது பொறியியல் போன்ற தொழில்நுட்பப் பட்டம் உள்ளவர்களுக்கானது. நீங்கள் கேட்பது வடிவமைப்பையும் விற்பனையையும் சேர்த்து. இரண்டையும் ஒரே தட்டில் யாரும் வைத்துத் தருவதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்து சேர்வது நல்லது.

நான் படித்தது வேறோர் இடத்தில், பெயர் வேண்டாம். பயிற்சிக் காலம் என்று என்னை அனுப்பிய ஏற்றுமதி நிறுவனத்தில் பத்து வாரங்கள் மாதிரி உடைகளுக்கு இஸ்திரி போட்டேன், பார்சல்களில் முகவரி எழுதினேன். அதைக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இறுதித் தொகுப்பின்போது எட்டு உடைகளை வரிசையாகத் தொங்கவிட்டுக்கொண்டு நான் நின்றபோது, நடுவராக வந்திருந்த அம்மையார் ஒருவர் பாராட்டவும் இல்லை, குறையும் சொல்லவில்லை. "இதில் எதை நீக்குவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எட்டும் எனக்குப் பிள்ளைகளாகத் தெரிந்தன. பல உடைகளைத் தைத்துவிட்டால் அது கலெக்‌ஷன் ஆகிவிடாது. இரண்டு மூன்று துணி, இரண்டு மூன்று உருவம், நான்கைந்து நிறம் என்று கட்டி, மீதியை வெளியே நிறுத்தினால்தான் ஆகும்.

விலையையும் அங்கே தலைகீழாகப் போடக் கற்றேன். நாம் செலவைக் கூட்டி அதன் மேல் லாபம் வைப்போம். அங்கே வாங்குபவர் கொடுக்கும் விலையிலிருந்து கீழே இறங்குவார்கள். கணக்குக்காக, உங்கள் பருத்தி அபாயாவை ஒருவர் 2,400 ரூபாய்க்கு வாங்குவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கை எடுத்தால் உங்கள் கைக்கு வருவது 1,600. வாடகை, மின்சாரம், உங்கள் உழைப்பு, லாபம் எல்லாவற்றுக்கும் 400 ஒதுக்குங்கள். தையலுக்கு 300, பொத்தான், லேபிள், பை, அனுப்பும் செலவு 100. துணிக்கு மீதியிருப்பது 800. இந்த 800க்குத் துணி கிடைக்குமா என்பதை முதல் கோடு வரைவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

எமனேஸ்வரம் தறி:
800 ரூபாய்க்குக் கிடைக்காது. அதற்கு நூலும் கூலியும் அடங்காது. மண்டபம் அம்மா கணக்கை ஒழுங்காகப் போட்டிருக்கிறார், ஆனால் தறியைக் கேட்காமல் போட்டிருக்கிறார்.

வைகைக்கு இந்தப் பக்கம் எங்கள் தெருவுக்கு ஆண்டுதோறும் வடிவமைப்பு மாணவர்கள் வருகிறார்கள். படம் எடுக்கிறார்கள், காப்பி குடிக்கிறார்கள், போகிறார்கள். ஒருமுறை வந்த பிள்ளை பன்னிரண்டு சேலைக்குப் பன்னிரண்டு வண்ணப் படங்களைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சேலை போதும் என்றது. என் தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கு இழைகள், ஏற்றினால் ஆறு சேலை இறங்கும். பாவின் நிறத்தை மாற்ற வேண்டுமானால் பழைய பாவின் மூவாயிரத்துக்கு மேற்பட்ட இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அதுவரை தறி சும்மா நிற்கும், எங்கள் வீட்டு அடுப்பும் ஏறக்குறைய அப்படித்தான் நிற்கும். குறுக்கிழையான ஊடையின் நிறத்தை மாற்றுவது எளிது, குறுக்கே ஓடும் நாடாவில் வேறு நூல் சுற்றிய தாரைப் போட்டால் போதும். ஒரு பாவுக்குள் எத்தனை வேறுபாடு காட்ட முடியும் என்று யோசித்துக்கொண்டு வரும் மாணவரை இதுவரை நான் பார்த்ததில்லை.

கீழக்கரைத் தங்கைக்கு இரண்டு செய்திகள். ஒன்று, அகலம். சேலைத் தறியின் அச்சு 48 அங்குலம். நீங்கள் வெட்டிப் பழகிய நிதா துணி 58, 60 அங்குலம் வரும். கையும் உடலும் சேர்ந்தாற்போல் வெட்டும் அபாயா எங்கள் துணியில் அடங்காது. கையில் ஒட்டு விழும், ஏறக்குறைய ஒரு சேலைத் துணி முழுவதும் ஓர் அபாயாவுக்கே போய்விடும். இரண்டு, கறுப்பு. பருத்தியில் நல்ல கறுப்பு ஏற்றுவது போன்ற தொல்லை வேறில்லை. சல்பர் கறுப்பு மலிவு. ஆனால் சரியாக அலசாமல் விட்டால் இருப்பில் வைத்த துணியே நாளடைவில் இற்றுப்போகும். ரியாக்டிவ் கறுப்பு பரவாயில்லை, ஆயினும் ஈரத்தில் தேய்த்தால் கொஞ்சம் ஒட்டும். சாயம் ஏற்றும் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் ஏற்றமும் ஒழுங்காக அமையாது.

மண்டபம் முதுகலை:
குறையையே சரக்காக்கிய கதை நம் துணிக்கே உண்டு. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், கைத்தறி ஏற்றுமதியாளர் கேப்டன் கிருஷ்ணன் நாயரிடமிருந்து மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியை வாங்கி, நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை. சாயம் ஒழுகியது, புகார்கள் குவிந்தன. பிறகு அதையே "நிச்சயமாகச் சாயம் போகும்" என்று விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவைக்கும் நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து புதிதாகத் தெரியும் துணி என்று விற்றார்கள்; வாங்கவும் செய்தார்கள். சந்தைப்படுத்தல் என்றால் என்ன என்று எங்களுக்குச் சொன்ன முதல் பாடங்களில் இதுவும் ஒன்று.

தொண்டித் துணிக்கடை:
அழகான கதைதான். ஆனால் அது கோடை விடுமுறைக்குப் போட்டுக்கொள்ளும் கட்டம் போட்ட சட்டை. அபாயாவின் சாயம் உள்ளே போட்டிருக்கும் வெள்ளைச் சுடிதாரில் இறங்கினால், நிச்சயமாகச் சாயம் போகும் என்ற விளம்பரத்தைக் காட்டி என்னால் தப்பிக்க முடியாது. உடையைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் கதையிலும் பேர் வாங்கியது யார், பணம் பார்த்தது யார், நெய்தவருக்கு ஒரு கெஜத்துக்கு எவ்வளவு கூடிற்று என்பதையும் வகுப்பில் சேர்த்துச் சொன்னார்களா?

மண்டபம் முதுகலை:
சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவும் எங்களுக்கு அன்று தோன்றவில்லை.

பெரியபட்டினம் உம்மா:
நீங்கள் எல்லோரும் துணியைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகள் வெளியூர் விடுதியில் தங்கி இரண்டாண்டு படித்து வந்தாள். திரும்பி வந்தபோது தன் உழைப்புக்கு விலை சொல்லக் கூச்சப்படாதவளாக இருந்தாள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரைத் தையல்:
எல்லோருக்கும் நன்றி. தறி அண்ணன் அகலத்தைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு, அலமாரியில் இருந்த ஒரு கறுப்புப் பருத்திச் சேலையை வெட்டி ஒன்று தைத்துப் பார்த்தேன். சொன்னபடியே முழங்கைக்கு நான்கு விரல் மேலே ஒட்டு விழுந்தது. அதை மறைக்க முயன்று இரண்டு முறை பிரித்தேன். மூன்றாவது முறை மறைப்பதை விட்டுவிட்டுச் சேலையின் கரையையே வெட்டி அந்த ஒட்டின் மேல் பட்டையாக வைத்தேன். இப்போது அது ஒட்டாகத் தெரியவில்லை, வேண்டுமென்றே வைத்ததாகத் தெரிகிறது. உம்மா அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினார்கள். உடம்புக்குச் சுகமாக இருந்தது என்றார்கள். ஆனால் முதுகிலும் அக்குளிலும் வியர்வை காய்ந்து, உப்பளத்து வரப்புப் போல வெள்ளைக் கோடுகள் பூத்திருந்தன. நிதாவில் இப்படி நான் பார்த்ததில்லை.

மண்டபம் முதுகலை:
அந்தக் கரையைத்தான் வடிவமைப்பு என்பார்கள். அதற்காக நீங்கள் முதுகலை போக வேண்டியதில்லை என்று நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விற்பனைப் பக்கத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பியச் சந்தை கோடை, குளிர் என்று இரண்டு பருவங்களைக் கொண்டு நாட்காட்டி போடுகிறது. உங்கள் பருவம் பெருநாள்; அது ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபராளிகள் விடுமுறையில் ஊர் திரும்பும் மாதங்களும், அவர்களை ஒட்டி நடக்கும் கல்யாணங்களும் இன்னொரு பருவம். நோன்பு மாதத்துக்கு முந்தைய ஷஃபான் பிறை பிறக்கும் முன் சரக்குக் கடைக்குள் இருக்க வேண்டுமானால் தையல் எப்போது முடிய வேண்டும், துணி எப்போது இறங்க வேண்டும், பாவு எப்போது ஏற வேண்டும் என்று பின்னோக்கி எண்ணிப் பழகுங்கள்.

தொண்டித் துணிக்கடை:
இதை நான் ஏற்கிறேன். என்னிடம் சரக்குக் கொண்டுவரும் புதியவர்களில் பாதிப் பேர் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் வருகிறார்கள். ஆயினும் படித்தவர்களும் அறியாத ஒன்று இருக்கிறது: கடைக்காரர் சரக்கை விற்ற பிறகு பணம் தருவார், விற்காததைத் திருப்பித் தருவார், திருப்பும்போது அது கைபட்டுக் கசங்கியிருக்கும். அந்த இழப்பை மண்டபம் சகோதரியின் 400 ரூபாய்க்குள் எங்கே வைப்பது?

எமனேஸ்வரம் தறி:
உப்புக் கோட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. முழுக் கறுப்பை விடுங்கள். பாவைச் சாம்பல் நிறத்தில் ஏற்றி, ஊடையைக் கறுப்பில் போடுகிறேன். எட்ட நின்று பார்த்தால் கறுப்பின் அடக்கம் இருக்கும். கிட்டத்தில் சாம்பல் மின்னும். வெள்ளை பூத்தாலும் அதில் கலந்துவிடும். அதே பாவில் ஊடையைக் கருநீலமாக மாற்றினால் இரண்டாவது நிறமும் கிடைத்துவிடும், பாவைத் தொட வேண்டியதில்லை. ஓர் உடைக்கான துணி 1,100 ரூபாய் ஆகும். ஆறு உடைக்கு ஒரு பாவு. முன்பணம் பாதி.

தொண்டித் துணிக்கடை:
இந்தக் கரையோரத்தில் அபாயா என்றால் கறுப்பு. சாம்பலை யார் வாங்குவார்கள்?

கீழக்கரைத் தையல்:
துணிக்கடைக் காக்கா, கணக்குப் போட்டுவிட்டேன். 3,000 ரூபாய் விலை. உங்கள் பங்கு 1,000. என் கைக்கு வரும் 2,000இல் துணி 1,100, தையல் 300, மற்றவை 100, மீதி 500. திரும்பி வருவதற்கு ஓர் உருப்படியை இழப்பாகவே எழுதி வைத்திருக்கிறேன். ஆறில் நான்கு கறுப்பு ஊடை, இரண்டு கருநீலம். உயரம் 54இல் மூன்று, 56இல் இரண்டு, 58இல் ஒன்று. 60 போடவில்லை.

முதுகலைக்கு விண்ணப்பிக்கத்தான் போகிறேன், வணிக மேலாண்மைப் பிரிவுக்கு. ஆனால் நேர்காணலுக்கு வரைபடக் கோப்போடு இந்த ஆறு உருப்படிகளின் வரவு செலவுக் குறிப்பேட்டையும் எடுத்துப்போவேன். மண்டபம் அக்காவிடம் நடுவர் கேட்ட கேள்வியை என்னிடமும் யாராவது கேட்டால், முழுக் கறுப்பை நீக்கினேன் என்று சொல்வேன்.

தொண்டித் துணிக்கடை:
சரி, ஆறையும் என் கடைக்கு அனுப்புங்கள். பணம் விற்ற பிறகுதான். கருநீலத்தில் ஒன்று 56 அங்குலமாக இருக்கட்டும், வீட்டில் கேட்கிறார்கள்.