புதுப்பிப்பு: அப்பா பணத்த கிரெடிட் ரிஸ்க் ஃபண்டுல போடலாமான்னு கேட்டிருந்தேன்ல

பதில் போட்ட எல்லாருக்கும் தேங்க்ஸ். கோத்தகிரில பச்சத் தேயிலை ரேட்ட நம்பி மாசத்த ஓட்ட முடியலன்னுதான் கிரெடிட் ரிஸ்க் ஃபண்டு (ரேட்டிங் கம்மியான கம்பெனி பாண்டுல போடுற மியூச்சுவல் ஃபண்டு) பத்திக் கேட்டேன், 'முதல்ல போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் ஸ்கீம், மிச்சம்தான் ஃபண்டு'ன்னு ஒரு அண்ணா சொன்னதுதான் ஒர்க் ஆச்சு. 8.2 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒருக்கா வட்டி, அப்பா பாஸ்புக்ல என்ட்ரி போட்டு கண்ணாடி மாட்டிப் பாத்தாத்தான் நம்புவார். ஃபண்டுல கொஞ்சம்தான், ஏன்னா இந்த வகைல 65 சதவீதமாவது ஏஏ, அதுக்குக் கீழ ரேட்டிங் பாண்டுல போட்டே ஆகணும், அதாவது கடன் திரும்பாமப் போற ரிஸ்க் கூட, 2020 ஏப்ரல்ல ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன்ங்கிற ஃபண்டு கம்பெனி 6 பாண்டு ஃபண்ட மூடினது ஞாபகம் இருக்கும்ல. டிவிடெண்டுக்குப் பதிலா எஸ்டபிள்யூபி (குறிச்ச தொகைய ஃபண்டுல இருந்து அப்பப்போ தானா எடுக்குற முறை) வெச்சோம். எதிர்பாக்காதது எக்சிட் லோடுதான், எங்க ஃபண்டுல ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தா 1 சதவீதம் பிடிப்பாங்க, அதனால வருஷம் முடிஞ்சப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணோம். டாக்ஸ் எடுக்குற முழுத் தொகைக்கும் இல்ல, அதுல உள்ள லாபத்துக்கு மட்டும், இன்கம் டாக்ஸ் ஸ்லாப் படி.